பேர் சொல்லி விட்ட அஸ்திரம்

என் குரலைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கனமான குரல். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். போர்ட் பிளேயரில் ஓர் அரசு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கோப்பு புரட்டும் குமாஸ்தா ஹரிஹரனை ஒருத்தருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டூர் முருகன் கோயில் மண்டபத்தில் 'அஸ்திர ரகசியம்' பேசுகிற ஹரிஹரன் சாரை எல்லோருக்கும் தெரியும்.

ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிரம்மாஸ்திரம் என்றால் அணுகுண்டு. ஆக்னேயாஸ்திரம் என்றால் ஏவுகணை. நாகாஸ்திரத்தை முறிக்கிற கருடாஸ்திரம் என்றால் ஏவுகணையை நடுவானில் அடிக்கிற இன்னோர் ஏவுகணை. வெள்ளைக்காரன் கோடி கோடியாகக் கொட்டிக் கண்டுபிடித்ததை எல்லாம் நம் ஆட்கள் ஒரு புல்லைக் கிள்ளி மந்திரம் சொல்லியே விட்டிருக்கிறார்கள் என்பேன். இன்றைக்கு நம் ஏவுகணைகளுக்கு அக்னி என்றும் நாக் என்றும் பெயர் வைத்திருப்பது சும்மாவா என்பேன். கைதட்டல் தகரக் கூரை வரைக்கும் எழும்பும். அது இருக்கிறதே, அதற்காக நான் இன்னும் நாலு அஸ்திரத்தைச் சேர்த்தே சொல்வேன்.

என் மனைவி ஷோபனா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறாள். ஒரு தடவைதான் மண்டபத்துக்கு வந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏங்க, ராக்கெட்டுன்னா அதுக்கு ஒரு கணக்கு இருக்கும்ல. அது எந்த சுலோகத்துல இருக்கு?" என்று கேட்டாள். உனக்கு பக்தி பற்றாது என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அப்புறம் வரவில்லை.

பாரதத்தில் ஓர் இடம் உண்டு. அஸ்வத்தாமனும் அர்ஜுனனும் ஒருவர்மேல் ஒருவர் அஸ்திரம் விடுகிறார்கள். உலகம் தாங்காது, திருப்பி எடுங்கள் என்று ரிஷிகள் கேட்கிறார்கள். அர்ஜுனன் எடுத்துவிடுகிறான். அஸ்வத்தாமனுக்கு விடத் தெரியுமே தவிர எடுக்கத் தெரியாது. அதைப் பாண்டவர் வீட்டுப் பெண்களின் வயிற்றின் மேல் திருப்புகிறான். உத்தரையின் வயிற்றில் இருந்த பிள்ளை செத்துப் பிறக்கிறது. கண்ணன் வந்துதான் உயிர் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதில் அர்ஜுனன் திருப்பி எடுத்த பாதியை மட்டும் நான் விஸ்தாரமாகப் பேசுவேன். பிள்ளையைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்த இடத்தில் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

முதல் வரிசையில் சம்மணம் போட்டு உட்காருபவன் ராக்கப்பன். தேவிபட்டினம் பக்கத்துக்காரன். மூன்று வருடத்துக்கு முன் மனைவி ஒச்சம்மாவோடு இங்கே வந்து, சின்ன டிங்கிப் படகு ஒன்றில் எஞ்சின் மாட்டி மீன் பிடிக்கிறான். வாயைத் திறந்து கேட்பான் என்பார்களே, நிஜமாகவே அப்படித்தான் கேட்பான். ஒரு முறை பேச்சு முடிந்ததும் ஓடி வந்து, "சார், ராமர் விட்ட அம்பு அடிச்சு முடிச்சுட்டு திரும்ப அம்பறாத்தூணிக்கே வந்துருமா சார்?" என்றான். வந்துவிடும் என்றேன். "அப்ப அதுக்குக் கண்ணு இருக்குல்ல சார்," என்றான். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரத்திலிருந்து அதை என் வார்த்தையாகவே பேச ஆரம்பித்தேன்.

வண்டூரில் ஐஸும் வலையும் விற்கிற சிராஜ் பாய்தான் மீனவர் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறார். கடலில் ஏவுகணைச் சோதனை என்று அறிவிப்பு வந்தால் அது ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இருக்கும். தமிழ் ஆட்களுக்காக அதை நான் குரலில் படித்து அனுப்புவது வழக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்த அறிவிப்பு மொத்தம் ஏழு வரி. புதன், வியாழன், காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை இன்ன எல்லைக்குள் எந்தப் படகும் நுழையக் கூடாது, நுழைந்தால் ஆபத்து. நிறுத்தி நிதானமாகப் படித்தாலும் நாற்பது விநாடிக்கு மேல் ஆகாது.

நான் நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி பேசினேன்.

தேதியும் நேரமும் எல்லையும் சொன்னேன், அதில் பிசகில்லை. அதற்குப் பிறகு குரல் சூடு பிடித்துவிட்டது. "அன்பர்களே, நம்முடைய அஸ்திரம் கடல்மேல் பறக்கப்போகிறது. யாரும் கலங்க வேண்டாம். அஸ்திரத்துக்குக் கண் உண்டு. யார் பேரைச் சொல்லி விட்டார்களோ அவனைத்தான் அடிக்கும். பக்கத்தில் நிற்கிறவன் தலைமுடிகூட அசையாது. தர்மத்தில் நிற்பவனுக்கு அஸ்திரத்தால் ஆபத்து என்று நம் சாஸ்திரத்தில் ஓர் இடத்திலும் கிடையாது..."

அடுப்படியில் நின்ற ஷோபனா, "இதெல்லாம் அந்த நோட்டீஸ்ல இருக்கா?" என்றாள்.

"நோட்டீஸ்ல உயிர் இல்ல. நான்தான் குடுத்தேன்," என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தில் இருந்தேன். சிராஜ் பாய் போன் செய்தார்.

"சார், ராக்கப்பன ரோந்துப் படகுக்காரங்க பிடிச்சிட்டாங்க. எல்லைக்குள்ள போயிருக்கான். இவன் ஒருத்தன் உள்ள நின்னதுல இன்னைக்கு ஏவுகணை விடுறதையே நிறுத்திட்டாங்களாம். டிங்கி, எஞ்சின் ரெண்டும் போச்சு."

அவனுக்கு அடிபட்டதா, உயிரோடு இருக்கிறானா என்றுதானே ஒரு மனிதன் முதலில் கேட்க வேண்டும்? எனக்குத் தோன்றியது என் குரல். நாலு நிமிடமும் அந்தக் குழுவில் அப்படியே கிடக்கிறதே! மாடிப்படி வளைவில் போய் நின்று போனை எடுத்தேன். என் செய்தியின் மேல் விரலை அழுத்தினேன். 'அனைவருக்கும் நீக்கு' என்று வந்தது. நீக்கினேன். விட்ட அஸ்திரத்தைத் திருப்பி எடுக்கும் வித்தையைப் பற்றி எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருப்பேன். எனக்கு அது ஒரு கட்டைவிரலோடு முடிந்துவிட்டது.

சாயங்காலம் சிராஜ் பாய் மறுபடியும் பேசினார். "உங்க மெசேஜக் காணோமே சார்?"

"கை தவறிப் பட்டிருச்சு பாய்."

அவர் கடைப் பையனிடம் ஐஸ் உடைக்கச் சொன்னார். பிறகு, "சரி சார். வெள்ளிக்கிழமை விசாரணையாம். வாக்குமூலத்தத் தமிழ்லயே குடுக்கலாமாம், மொழிபெயர்த்துச் சொல்லப் படிச்ச ஆள் ஒருத்தர் வேணும்ங்கறாங்க. நீங்க வர்றீங்களா?" என்றார்.

வருகிறேன் என்று உடனே சொன்னேன். ராக்கப்பனுக்கு உதவத்தான் போகிறேன் என்று ஷோபனாவிடமும் சொன்னேன். வேறு யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடக் கூடாதே என்ற பயத்தை அவளிடம் சொல்லவில்லை.

விசாரணை அதிகாரி மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர். மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, ராக்கப்பன் நிற்பதைப் பார்த்து அவனையும் உட்காரச் சொன்னார். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்துவிட்டது. சார் வந்துவிட்டார், இனிமேல் கவலையில்லை என்கிற தெளிவு. என்னிடம் அவன் ஒரு நாளும் தமிழைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனுக்கு ஹிந்தி வராது என்றே நான் நினைத்திருந்தேன்.

அறிவிப்பு வந்தது உனக்குத் தெரியுமா என்று அதிகாரி ஹிந்தியில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"தெரியும் சார். உங்க குரல்லதான சார் கேட்டேன்," என்றான் ராக்கப்பன் என்னைப் பார்த்தே. "முந்துன நாள் மத்தியானமே வலையப் போட்டுட்டேன். நீரோட்டம் இழுத்துப் பாறையில மாட்டுனா வலை கிழிஞ்சிரும். போகவா வேணாமான்னுதான் இருந்துச்சு. உங்க பேச்ச திருப்பியும் போட்டுக் கேட்டேன். பேரச் சொல்லி விட்டவனத்தான் அடிக்கும், பக்கத்துல நிக்கிறவன ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னீங்கள்ல. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்? அந்தத் தைரியத்துலதான் போனேன் சார்."

அதிகாரி பேனாவோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நினைக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை மண்டபம் இருந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் எனக்கு வாய் இருந்தது.

"சாப், போல் ரஹா ஹை கி நோட்டீஸ் டீக் ஸே நஹீ சுனா," என்றேன். அறிவிப்பைச் சரியாகக் கேட்கவில்லை என்கிறான். "கல்தி ஹோ கயா, மாஃப் கர் தீஜியே." தப்பு நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்கிறான்.

அவ்வளவு நீளமாகப் பேசியது இவ்வளவுதானா என்பதுபோல் அதிகாரி பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். தவறான தகவலால் போயிருந்தால் எச்சரித்து விட்டுவிடலாம், அறிவிப்பையே கேட்காமல் போவது அலட்சியம், ஆகவே ஆறு மாதத்துக்கு உரிமமும் டிங்கியும் நிறுத்தம் என்று எனக்கு விளக்கினார். உங்களைப் போலப் படித்தவர்கள்தான் இவர்களுக்கு நல்லது கெட்டது சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். ராக்கப்பன் நிதானமாகத் தமிழில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதற்குக் கீழே மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் நான் போட்டேன்.

வெளியே வாசலில் அவனுக்குப் போன் வந்தது. அவனிடம் மீன் எடுக்கிற வங்காளி வியாபாரி போலிருக்கிறது. ராக்கப்பன் பேசினான்.

"நஹீ தாதா, ஆஜ் மச்லி நஹீ ஹை. டிங்கி பகட் லியா. சே மஹினா போலா. ஹா தாதா, அபி சாப் கா ஆஃபீஸ் மே ஹீ தா..."

இன்றைக்கு மீன் இல்லை, டிங்கியைப் பிடித்துவிட்டார்கள், ஆறு மாதமாம் என்று இந்தத் தீவில் பிறந்தவனைப்போல் ஹிந்தி தடங்கல் இல்லாமல் வந்தது. ஆறு மாதம் என்பதை நான் அவனிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"உனக்கு ஹிந்தி தெரியுமா?" என்றேன்.

"மீன் விக்கிறவனுக்குத் தெரியாம இருக்குமா சார்? உங்ககிட்ட தமிழ் பேசுறதுதான் ஆசை."

"அப்ப உள்ள நான் சொன்னது..."

"கேட்டேன் சார்."

"ஏன்யா, அங்கயே சொல்லியிருக்கலாமே?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தான். "மொதல்ல எனக்கும் திக்குன்னுதான் இருந்துச்சு. அப்பறம் வெளங்கிருச்சு சார். துரோணர்கிட்ட அஸ்வத்தாமா செத்துட்டான்னு கண்ணன் ஒரு பொய் சொல்ல வெச்சாருல்ல? நீங்கதான சொன்னீங்க, அது பொய் இல்ல, உபாயம்னு. சார் என்னமோ உபாயம் பண்றாங்க, நடுவுல நம்ம பேசிக் கெடுத்துறக் கூடாதுன்னு இருந்துட்டேன்." பிறகு கண் மின்னக் கேட்டான். "டிங்கி எப்ப சார் வரும்?"

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"பாப்போம்," என்றேன். பஸ் ஏறிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொண்டை கட்டிவிட்டது என்று மண்டபத்துக்குப் போகவில்லை. ஷோபனா மிளகு போட்டுப் பால் கொடுத்தாள். நன்றாக இருக்கிற தொண்டையில் அதையும் குடித்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் சிப்பிகாட் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டு வாசலில் ராக்கப்பனும் ஒச்சம்மாவும் வந்து நின்றார்கள். மீன் கொண்டுவர வழியில்லையே என்று அவள் ஒரு முறம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு வந்திருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் முந்தானையிலிருந்து போனை எடுத்தாள்.

"சார், குரூப்புல உங்க பேச்சு அழிஞ்சு போச்சுல்ல. என்கிட்ட இருக்கு. அன்னைக்கே கமுதியில எங்க அக்காவுக்கு அனுப்பி வெச்சிருந்தேன், எங்க சார் எப்புடிப் பேசுறாரு பாருன்னு. இத ஆபீசருக்குப் போட்டுக் காட்டுனீங்கன்னா டிங்கியக் குடுத்துருவாங்கள்ல?"

அவள் அதை ஓடவிட்டாள். அஸ்திரத்துக்குக் கண் உண்டு என்றது என் குரல், எங்கள் கூடத்தில். ஷோபனா கீரை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முடிந்ததும் ஒச்சம்மா சொன்னாள்: "அன்னைக்குக் காலையில நான் போகவேணாம்னுதான் சார் சொன்னேன். எங்க ஊர்ல பாரதம் படிப்பாங்க. உத்தரை வயித்துல கெடந்த பிள்ளை யாருக்கு என்ன பண்ணுச்சு, அதையும் அஸ்திரம் அடிச்சுச்சேன்னு கேட்டேன். சார விட உனக்குத் தெரியுமோன்னு வஞ்சுட்டுப் போயிட்டாரு." சொல்லிவிட்டு, பெரிய ஆளிடம் அதிகம் பேசிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு ஷோபனா, "விசாரணையில நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும், கட்டைவிரல் உட்பட. அவள் கத்தவில்லை. அப்படியே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு லீவு போடுங்க," என்றாள்.

மறுநாள் ராக்கப்பனைக் கூட்டிக்கொண்டு அதே அறைக்குப் போனேன். அவனுக்கு ஒரே உற்சாகம். உபாயம் பலிக்கப்போகிறது என்று வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான். அதிகாரியின் மேசைமேல் போனை வைத்து ஓடவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நல்ல குரல். யாருடையது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"என்னுடையது," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். ஒரு வார்த்தை விடாமல்."

ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தமிழில் அத்தனை கம்பீரமாக ஒலித்தது ஹிந்தியில் என் வாயிலிருந்து சப்பென்று விழுந்தது. அஸ்திரத்துக்குக் கண் உண்டு. தலைமுடிகூட அசையாது. இது அறிவிப்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். சாஸ்திரத்தில் இருக்கிறதா என்றார். அதிலும் இல்லை, அதில் வயிற்றுப் பிள்ளையையே அடித்திருக்கிறது என்றேன். அப்படியானால் ஏன் சொன்னீர்கள் என்றார். கேட்க நன்றாக இருந்தது, அதனால் சொன்னேன் என்றேன். வெள்ளிக்கிழமை இந்த மனிதர் என்ன சொன்னார் என்று கேட்டார். ராக்கப்பன் சொன்னதை வரிக்கு வரி சொன்னேன். அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"பயந்துவிட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள இவனை மாட்டிவிட்டேன். வேறு காரணம் எதுவும் கிடையாது, சாப்."

பக்கத்து நாற்காலியில் ராக்கப்பன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த முறை எனக்கு அது தெரியும்.

அதிகாரி பழைய காகிதத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். புதிதாக எழுதினார். டிங்கியையும் எஞ்சினையும் அன்றைக்கே எடுத்துப் போகலாம் என்று ஒரு சீட்டு கொடுத்தார். என் பெயர், பதவி, அலுவலக முகவரி எல்லாவற்றையும் தனியாக ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். என் மேலதிகாரிக்குக் கடிதம் போகும் என்றார். கை குலுக்கவில்லை. அந்த மரியாதையான மனிதர் எனக்குக் காட்டிய முகத்தை நான் மறக்கப்போவதில்லை.

படி இறங்கும்போது ராக்கப்பன் எனக்கு இரண்டு படி முன்னால் போனான். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாசலுக்கு வந்ததும் நான் அவன் தோளைத் தொட்டேன்.

"ராக்கப்பா, என்ன மன்னிச்சிரு. அதுல உபாயம் எதுவும் இல்லப்பா."

அவன் திரும்பினான். கோபம் இருக்கிறதா என்று அந்த முகத்தில் தேடினேன். இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற ஏதோ ஓர் ஆபீஸ்காரனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான்.

"டீக் ஹை, சாப்," என்றான், சரி சார் என்பதை ஹிந்தியில். சொல்லிவிட்டு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டான்.